வாய்க்குப் பூட்டு, அறிவு மேல வழக்கு

ஏலே பேராண்டி, கிட்ட வா. அந்தக் கட்டில்ல உக்காராதே, வத்தல் காயப் போட்டிருக்கு. திண்ணையில உக்காரு.

"நெறையப் படிச்சு நெறையத் தெரிஞ்சுக்கிட்டேன், அதான் நிம்மதி போச்சு. ஒண்ணும் தெரியாத தாத்தாதான் குடுத்து வச்சவரு"ன்னு உங்கப்பன்கிட்டச் சொன்னியாமே? என் காதுக்கு வந்து சேந்துருச்சு. ஒண்ணும் தெரியாத தாத்தாவா? எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் வாயத் தொறந்து சொன்னா, இந்தத் தெருவுல பாதி வீடு வாடகைக்கு வந்துரும். சொல்லாம இருக்கேன். பயத்துல இல்லடே, பாவம் பாத்து.

சரி, உனக்கு அப்படி என்னதான் தெரிஞ்சுபோச்சு? கொஞ்சம் அவுத்து விடு, பாப்போம்.

காலையில எந்திரிச்சதும் கண்ணத் தொடைக்க மாட்டே, கையில கெடக்க வாட்சைத் தொடைக்கே. "நேத்து ராத்திரி எனக்குத் தூக்கம் சரியில்ல, 62 மார்க்குதான்"னு மூஞ்சியத் தொங்கப் போடுதே. ஏன்டே, தூங்குனவன் நீதானே? தூங்குனியா இல்லையான்னு உனக்கே தெரியாதா? நீ விட்ட கொறட்டையில தொழுவத்து மாடு மெரண்டு எந்திரிச்சு நின்னுச்சு. நான் போய்த் தட்டிக் குடுத்துட்டு வந்தேன். ஆனா வாட்சு மார்க்கைக் கொறைச்சுப் போட்டுருச்சேன்னு அன்னைக்குப் பூரா சொணங்கிப் போய்க் கெடந்தே. மறுநாள் அதுக்குச் சார்ஜ் இல்ல. அன்னைக்குத்தான் எட்டு இட்லி தின்னே.

உங்க ஆச்சி தட்டுல சோறு வச்சா, அதுல எத்தனை கலோரின்னு போன்ல தேடுதே. அவ அறுபது வருசமா பொங்கிப் போடுதா. அவளுக்கு ஒரு கலோரியும் தெரியாது. எவனுக்கு எவ்வளவு வைக்கணும்னு மட்டும் தெரியும்.

இதெல்லாம் தெரிஞ்சதுனாலதான் நிம்மதி போச்சுன்னா, வாட்சைக் கழத்தி ஆணியில மாட்டு. முடிஞ்சுபோச்சு. அதுக்கு எதுக்குடே அறிவு மேல வழக்குப் போடுதே?

ஆனா, உன் நோவு அது இல்ல. எனக்குத் தெரியும். உனக்கு வேற சங்கதியும் தெரியும். ஆபீஸ்ல மேனேஜர் போட்ட கணக்கு தப்புன்னு தெரியும். சொந்தக்காரன் வரதச்சணை கேட்டுப் பேரம் பேசுதான்னு தெரியும். ஊர்த் தண்ணித் தொட்டி எந்த லட்சணத்துல கெடக்குன்னு தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டே. பனி ஈரத்தோட பயத்தங்கொடிய மேஞ்ச மாட்டுக்கு வயிறு உப்பிக்கிடும், பாத்திருக்கியா? நெலத்தைத் திட்டி என்ன பண்ண? உள்ள மாட்டுன காத்து வெளிய போனாத்தான் மாடு எந்திரிக்கும். உனக்கும் அதே வைத்தியந்தான். தெரிஞ்சதுனால உனக்கு நோவு இல்ல. தெரிஞ்சதை முழுங்கிட்டு உக்காந்திருக்கே பாரு, அதான் நோவு.

உன் ஆபீஸ் கூத்தைத்தான் அன்னைக்கு நேர்ல பாத்தேனே. வீட்டுல இருந்து வேலைன்னு சொல்லி, மேல சட்டையும் கீழ கைலியுமா உக்காந்திருந்தே. அந்தப் பொட்டிக்குள்ள மேனேஜர் என்னமோ சொன்னாரு. அத்தனை பேரும் "சூப்பர் சார், சூப்பர் சார்"னீக. பொட்டிய மூடுன கையோட போனை எடுத்தே. அவரு இல்லாத இன்னொரு குரூப்பாம்ல அது. அங்கன அவரைக் கிழி கிழின்னு கிழிச்சீக. அந்த ரெண்டாவது குரூப்புல பேசுனதுல பாதிய மொத எடத்துல பேசியிருந்தா, அந்த மனுசனும் கணக்கைத் திருத்தியிருப்பாரு, நீயும் மத்தியானம் தலைவலி மாத்திரை தின்னிருக்க மாட்டே. அவரு என்ன புலியா? அவருக்கும் மேல ஒரு மேனேஜர், அவருக்கும் ஒரு ரெண்டாவது குரூப்பு இருக்கும்டே.

குடும்பக் குரூப்புல அதுக்கு மேல. ஒரு பத்தி எழுதுதே. அனுப்புதே. ஒடனே அழிக்கே. "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது"ன்னு அங்கன எழுத்து நிக்கி. நாலு மாமன், ரெண்டு சித்தி, அத்தனை பேரும் "என்னத்த எழுதுனான், என்னத்த அழிச்சான்"னு எனக்குப் போன் போடுதாக. நீ சொல்லியிருந்தாக் கூட ஒரு சண்டையோட போயிருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. மொகத்துக்குப் பதிலா சிங்கத்துப் படம். பேருக்குப் பதிலா என்னமோ நம்பரு. அந்தச் சிங்கம் ராத்திரி பூரா ஒலகத்தையே வையும். விடிஞ்சதும் அதே ஆளு, ரேசன் கடையில எடை கொறையுதேன்னு கேக்க மாட்டான். சிங்கத்துக்குச் சீனி வேணும்ல.

ஒலகத்துல யாரு சந்தோசமா இருக்கான்னு வருசா வருசம் ஒரு கணக்குப் போடுதாக, தெரியுமா? பேப்பர்ல படிச்சேன். நான் பேப்பரை மொத வரியில இருந்து கடைசி டெண்டர் வெளம்பரம் வரைக்கும் படிக்கவன். 2025-ல 147 நாட்டுல நமக்கு 118-வது எடம். பின்லாந்துன்னு ஒரு குளிர்க்காட்டு ஊரு, 2018-ல இருந்து 2025 வரைக்கும் எட்டு வருசமா அதுதான் மொதல் எடம். எப்படிக் கணக்கு எடுக்காகன்னு கேட்டா சிரிப்ப. பத்துப் படி ஏணி ஒண்ணை மனசுல நெனைச்சுக்கிடணும். மேல் படி, ஆகச் சிறந்த வாழ்க்கை. அடி மண்ணு, ஆக மோசம். நீ எந்தப் படியில நிக்கேன்னு கேப்பாக. அம்புட்டுத்தான்.

இதைக் கொண்டாந்து நம்ம ஊர்ல கேட்டா என்ன ஆகும்? ரெண்டு ஏக்கர்ல பருத்தி நல்லா வெடிச்சு, மகளுக்கு வரன் அமைஞ்சு, மூட்டுவலியும் கொறைஞ்சு போன ஆளுகிட்டப் போய்க் கேளு. "ஏதோ இருக்கோம்"பான். கண்ணு பட்டுரும்டே! எட்டாவது படியில நிக்கவன் நாலாவது படியைக் காட்டுவான். நல்லா இருக்கேன்னு சொல்லவே இந்த ஊர்ல பயம். அப்பொறம் நல்லா இல்லைன்னு சொல்ல எங்க இருந்துடே தைரியம் வரும்?

அந்தப் பின்லாந்து சங்கதியில இன்னொண்ணு. 1766-ல அந்த ஊரு சுவீடனோட சேந்து கெடந்துச்சு. அப்பவே சட்டம் போட்டான்: அச்சடிக்கதுக்கு முன்னால சர்க்கார் தணிக்கை வேண்டாம், சர்க்கார் காகிதத்தை எவன் கேட்டாலும் காட்டணும்னு. மத விசயத்துக்கு மட்டும் தணிக்கைய விட்டு வச்சான், சாமின்னா அவனுக்கும் பயந்தான். அந்தச் சட்டத்துக்காக மல்லுக்கட்டுனவரு ஆண்டர்ஸ் சிடேனியஸ்னு ஒரு பாதிரியாரு. பின்லாந்துக்காரரு. அந்த வருசம் நம்ம பாஞ்சாலங்குறிச்சியில கட்டபொம்மு ஆறு வயசுப் பிள்ளை. நம்ம சர்க்காரு காகிதத்தைக் காட்ட ஒத்துக்கிட்டது எப்போ? தமிழ்நாட்டுல 1997, நாடு பூராவுக்கும் 2005. காகிதத்தைக் காட்டுனதுனாலதான் அவன் சந்தோசமா இருக்கான்னு நான் சொல்லல. குளிரா இருக்கும், கூட்டம் கம்மி, சண்டை போட ஆள் கெடைக்காது, அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா, கேக்கலாம்னு தெரிஞ்சவன் மொகம் வேற மாதிரித்தான்டே இருக்கும்.

பேசுனா ஆபத்துன்னு நீ சொல்லுதே. இல்லைன்னு சொல்ல எனக்குக் கோட்டி புடிக்கல. ஆபத்து என்னன்னு இந்தக் கரிசக்காட்டுக்காரனுக்கா தெரியாது? ஒட்டப்பிடாரத்து வக்கீல் பிள்ளை, வ.உ.சி. தூத்துக்குடியில கப்பல் கம்பெனி நடத்துனாரு. கோரல் மில்லுத் தொழிலாளிக்காகப் பேசுனாரு. சுப்பிரமணிய சிவாவுக்குச் சோறு போட்டு வீட்டுல வச்சிருந்தாரு. 1908 மார்ச்சு மாசம் புடிச்சாக. ஜூலையில பின்ஹேன்னு ஒரு ஜட்ஜு தீர்ப்புச் சொன்னாரு. பேசுனதுக்கு ஒரு ஆயுசு, சிவாவுக்கு ஒத்தாசை பண்ணதுக்கு இன்னொரு ஆயுசு. ஒண்ணு முடிஞ்ச பொறவு ஒண்ணு. மொத்தம் நாப்பது வருசம். அவருக்கு அப்ப வயசு முப்பத்தஞ்சு. மேல்கோர்ட்டுல கொறைச்சாக. 1912 கடைசியிலதான் வெளிய வந்தாரு. கோயமுத்தூர் ஜெயில்ல மாட்டைக் கட்டி இழுக்க வேண்டிய செக்கை அவரைப் பூட்டி இழுக்க வச்சாக. அந்தச் செக்கை இப்ப மெட்ராசுல காந்தி மண்டபத்துல வச்சிருக்காக. போனா பாரு. செல்பி எடுக்காதே. எடுத்தாலும் சிரிக்காதே.

இதுல எனக்குப் புடிச்ச எடம் ஒண்ணு உண்டு. ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டு அந்த மனுசன் என்ன பண்ணாருன்னு நெனைக்கே? ஜேம்ஸ் ஆலன்னு ஒரு வெள்ளைக்காரன் எழுதுன புஸ்தகத்தைத் தமிழ்ல ஆக்குனாரு. பேரு "மனம் போல வாழ்வு". செக்கு இழுத்த கையி சந்தோசத்தைப் பத்தி எழுதுது! நீ ஏசி ரூம்புல மெத்தை நாற்காலியில உக்காந்து, அறிவு கூடுனா நிம்மதி கொறையும்னு ஸ்டேட்டஸ் போடுதே. வெளிய வந்ததும் அவருக்கு வக்கீல் தொழில் பண்ண அனுமதி கெடையாது. மெட்ராசுல பட்ட கஷ்டம் சொல்லி மாளாது. வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார ஜட்ஜு ஒத்தாசை பண்ணி அனுமதி திரும்பக் கெடைச்சுச்சு. அந்த நன்றிக்கு ஒரு மகனுக்கு வாலேசுவரன்னு பேரு வச்சாரு. வெள்ளைக்காரனை எதுத்து ஜெயிலுக்குப் போனவரு, வெள்ளைக்காரன் பேரைப் பிள்ளைக்கு வைக்காரு! எவனைத் திட்டணும், எவனுக்கு நன்றி சொல்லணும்னு அவருக்குத் தெரியும். ரெண்டையும் வெளிப்படையாச் செஞ்சாரு. பொறவு நம்ம கோவில்பட்டிக் கோர்ட்டுலயும் வாதாடியிருக்காரு. எங்க அய்யா சின்னப் பையனா இருந்தப்போ தூரத்துல நின்னு பாத்தாராம். "தலப்பா பெருசு, கண்ணு அதைவிடப் பெருசு"ன்னு சொல்லுவாரு. அதுக்கு மேல அவருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல.

அது வெள்ளைக்காரன் காலம்ங்கே. சரி, நம்ம காலத்துக்கு வா.

இணையத்துல எழுதுனா புடிக்கதுக்குன்னே 66ஏ-ன்னு ஒரு சட்டப் பிரிவு வச்சிருந்தாகள்ல? ஒருத்தனுக்கு எரிச்சல் மூட்டணும்னு பொய் எழுதி அனுப்புனா, மத்தவன் மனசு நோகுத மாதிரி எழுதுனா, மூணு வருசம் வரைக்கும் உள்ள. எரிச்சலுக்கு மூணு வருசம்! அந்தக் கணக்குக்கு உங்க ஆச்சி என் மேல கேசு போட்டிருந்தா, நான் இந்நேரம் பாளையங்கோட்டையில களி தின்னுக்கிட்டு இருக்கணும். 2012-ல மராட்டியத்துல பால்கர்ங்கிற ஊர்ல ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளைப் புடிச்சாக. பெரிய தலைவர் செத்ததுக்கு பம்பாய மூடிப் போடணுமான்னு ஒரு பிள்ளை கேட்டு எழுதுனா. இன்னொரு பிள்ளை அதுக்கு லைக்கு போட்டா. லைக்குக்கே ஸ்டேசன்! அப்பொறம் ஷ்ரேயா சிங்கால்னு ஒரு சட்டம் படிக்க பிள்ளை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனா. 2015 மார்ச்சு 24-ல அந்தப் பிரிவே செல்லாதுன்னு சொல்லிட்டாக. படிச்ச படிப்பை அந்தப் பிள்ளை எதுக்குச் செலவழிச்சா பாத்தியா?

நம்ம பக்கத்துலயே எழுத்தாளர் பெருமாள் முருகன் கதை இருக்கு. "மாதொருபாகன்" நாவல் வந்தது 2010. நாலு வருசம் அது பாட்டுக்கு அலமாரியில கெடந்துச்சு. ஒருத்தனுக்கும் மனசு புண்படல. 2014 டிசம்பர்ல திடீர்னு அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல புண்பட்டுச்சு. திருச்செங்கோட்டுல புஸ்தகத்தை எரிச்சாக, கடையடைப்பு நடத்துனாக. எரிச்சதுல எத்தனை பேரு பக்கத்தைப் புரட்டுனானோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். சனவரியில அமைதிப் பேச்சுன்னு கூப்பிட்டு உக்கார வச்சாக. பேச்சு முடிஞ்சதும் அந்த மனுசன் இனிமே எழுத மாட்டேன்னு அறிவிச்சிட்டாரு. அமைதி வந்துருச்சுல்ல! அப்பொறம் 2016 ஜூலையில மெட்ராஸ் ஐகோர்ட்டு, புஸ்தகத்தைத் தடை பண்ண முடியாது, நீங்க எழுதுங்கன்னு சொல்லிருச்சு. மறுபடி வந்தாரு. வந்ததும் போட்ட கவிதைப் புஸ்தகத்துக்கு என்ன பேரு தெரியுமா? "கோழையின் பாடல்கள்".

பயந்தேன்னு பேரு போட்டு அட்டையில அடிச்சாருடே. பயந்தவன்னு சொல்லிக்கிடவும் ஒரு தெம்பு வேணும். நீ அதையாவது ஒத்துக்கிடுதியா? கேட்டா, "நான் நியூட்ரல் தாத்தா"ங்கே. நடுவுல நிக்கதுக்குப் பேரு நியூட்ரலாம்! வண்டி ரெண்டு பக்கமும் வாரப்போ நடுவுல நிக்கவனைத்தான்டே மொதல்ல அடிக்கும்.

பயத்துலயும் வகை உண்டு. பண்ணையில கூலிக்குப் போறவன் வாயத் தொறந்தா நாளைக்கு அடுப்பு எரியாது. சேரியில இருந்து ஒருத்தன் கோயில் வாசல்ல நின்னு ஏன்னு கேட்டா, ராத்திரி கூரை மேல கண்ணு வச்சுக்கிட்டே படுக்கணும். அந்தப் பயத்தை நான் ஏளனம் பண்ண மாட்டேன். பண்ணுதவன் மனுசனே இல்ல. உனக்கு என்னடே போகும்? மாமன் ஒருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான். கல்யாணத்துல ரெண்டாம் பந்தியில உக்கார வைப்பாக. ரெண்டாம் பந்தியிலதான் பாயாசம் நல்லா இறுகி இருக்கும், தெரியுமா? சொல்ல வேண்டியவன் நீ. நட்டம் ஆகாதவன் நீ. நீ கம்முன்னு இருந்தா, நட்டம் ஆகுதவன்ல பேச வேண்டியிருக்கு?

வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே, எனக்குத் தெரியும். எடம் பாத்துப் பேசணும்னு அவரே சொல்லியிருக்காருன்னு இழுப்பே. ஆமா, 72-ஆம் அதிகாரம் அவையறிதல். அடுத்த பக்கத்தைப் புரட்டு. 73, அவையஞ்சாமை. எங்க எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுத்த கையோட, அங்கன போய் நடுங்காதேன்னும் பத்துக் குறள் எழுதியிருக்காரு. படிச்சவன் பூரா 72-ஓட புஸ்தகத்தை மூடிட்டான். பரிட்சைக்கு அவ்வளவுதான் போர்சனாம்!

போன கிராம சபையில நடந்தது ஞாபகம் இருக்கா? நீ வந்திருந்தியே. வேப்ப மரத்துல சாய்ஞ்சுக்கிட்டு நின்னே. நம்ம தண்ணித் தொட்டித் தூண்ல, சுத்தம் செய்த நாள், அடுத்துச் செய்ய வேண்டிய நாள்னு கட்டம் போட்டு எழுதியிருக்குல்ல? பழைய தேதி மேல வெள்ளை அடிச்சு, புதுத் தேதி எழுதியிருந்தான். வெள்ளையில ஈரம் கூடக் காயல. குழாயைத் தொறந்தா பாசி வாடை. இது உனக்குத் தெரியும். தொட்டியில குளோரின் எவ்வளவு போடணும்னு கூட உனக்குத் தெரியும், போன்ல தேடி என்கிட்டச் சொன்னியே. கூட்டத்துல சொன்னியா?

கீழத்தெரு பெரியாத்தாதான் எந்திரிச்சா. இடுப்புல கையி. "தேதிக்குப் பெயிண்ட் அடிச்சியளே, தொட்டிக்குள்ள எறங்குனியளா?"ன்னா. மேசைக்குப் பின்னால இருந்தவரு, "எழுதிக் குடுங்கம்மா"ன்னாரு. "எழுதத் தெரியாதுய்யா, அதான் பேசுதேன்"னா. கூட்டமே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சிட்டாரு. நீ என்ன பண்ணே? அதை வீடியோ எடுத்து, பின்னால ஒரு சினிமாப் பாட்டைச் சேத்து ஸ்டேட்டஸ்ல போட்டே. எழுதத் தெரிஞ்சவன் அந்த எடத்துல நீ ஒருத்தன்தான்டே! ஒரு பேப்பரை வாங்கி அவ சொன்னதை எழுதிக் குடுத்திருந்தா என்ன கொறைஞ்சா போயிருப்பே?

மூணாவது நாள் ஆள் வந்து தொட்டிக்குள்ள எறங்குனான். அள்ளி வெளிய போட்ட சேத்தைப் பாத்தவன் ரெண்டு நாள் தண்ணி குடிக்கல. அதே கூட்டத்துல அவ கேட்ட தெருவெளக்கு இன்னும் எரியல. கேட்டதெல்லாம் கெடைச்சிருமா? கெடைக்காது. ஆனா பெரியாத்தா அதுக்காகச் சொணங்கல. எரியாத வெளக்குக்குக் கீழயே உக்காந்து பாக்கு இடிச்சுக்கிட்டு, "ஆகஸ்டுக்குக் கேப்பேன்"ங்கா. அவளுக்குத் தெரிஞ்சதும் கொஞ்சம், தெரிஞ்சதை உள்ள வச்சு அழுக விடுததும் கெடையாது.

நீ அவளை மாதிரிப் பேச வேண்டாம். அது எல்லாருக்கும் வராது. பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதிப் போடு. எதுக்குக் கேக்கேன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. முப்பது நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும். தொட்டி கழுவ வருசத்துக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கு, தெருவெளக்குக்கு எவ்வளவு எழுதியிருக்குன்னு கேளு. "என் பேரு வெளிய தெரிஞ்சுருமே"ங்கியா? பேரு எதுக்குடே வச்சோம்? வெளிய தெரியத்தான். ஊர் கூடிப் பேரு வச்சு, கெடா வெட்டிச் சோறு போட்டிருக்கேன், கணக்கு இன்னும் நோட்டுல இருக்கு.

கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை கூடும். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல நாலு நாள் எப்படியும் உனக்கு ஆபீஸ் லீவு, சாக்குச் சொல்ல முடியாது. ஆகஸ்டு 15-க்கு மொத நாள் ராத்திரியே பஸ் ஏறி வந்துரு. மைக்கு அன்னைக்கும் மக்கர் பண்ணும், அதை நம்பாம சத்தமாக் கேளு. கடைசியில தீர்மான நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேப்பாக. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்துட்டுப் போடு. வெறும் பக்கமா இருந்தா போடாதே. படிச்சவன்தானே நீ?